முப்பது நாளும் நான்கு மணி நேரமும்

கும்பகோணத்தில் யாரிடமாவது சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. திருச்சிக்கு இரண்டரை மணி நேரம், அங்கிருந்து நாலு மணி நேரம் என்பார்கள். கிளம்ப வேண்டிய நேரத்தையும் சேர்த்தே சொல்வார்கள்: ராத்திரி ஒன்றரை மணிக்கு ஃபிளைட் என்றால் எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிட வேண்டும். பாபநாசம், அய்யம்பேட்டை, தஞ்சாவூர், வல்லம், துவாக்குடி என்று மேற்கே போகிற சாலையில் எந்த இரவிலும் தலைமேல் பெட்டி கட்டிய கார்களைப் பார்க்கலாம். முன் இருக்கையில் பயணம் போகிறவர். பின்னால் மனைவி, பிள்ளைகள், மாமியார், வழியனுப்ப வந்த மச்சான். விமானம் ஏறுகிறவர் ஒருவர்தான், ஏற்றிவிடப் போகிறவர்கள் ஐந்தாறு பேர்.

வரைபடக் கணக்குப்படி திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 2,980 கி.மீ. கோலாலம்பூர் 2,690 கி.மீ. உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு குறுகிய வழி உண்டோ அதன் நீளம் இது. இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உயரத்துக்குப் போய்ச் சீரான பிறகு மணிக்கு 830, 850 கி.மீ. வேகத்தில் போகின்றன. அப்படிப் பார்த்தால் மூன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம். மேலே ஏறும் நேரம், இறங்கும் நேரம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரம் எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. டிக்கெட்டில் அச்சிடும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து அந்தப் பக்கம் மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம்.

காவிரிக் கழிமுகத்துக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் நடுவே உள்ள கிலோமீட்டர் சோழர் காலத்தில் எவ்வளவோ இன்றும் அவ்வளவுதான். மாறியதெல்லாம் மற்றவை: எந்தக் காற்று, எந்தக் கப்பல், எந்த ஊர் வாசல், யார் போகலாம், யார் போகக் கூடாது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் வரலாற்றில் பெரும்பங்கு இந்த மாற்றங்களின் வரலாறு.

முதல் கணக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே கிடைக்கிறது. இந்தியாவுக்கு வந்த சீன பௌத்தத் துறவிகளைப் பற்றி அவர்களில் ஒருவரான இட்சிங் எழுதிய குறிப்புகளில் வூசிங் என்றொரு துறவி வருகிறார். சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்திலிருந்து கிளம்பி, மலாயு என்ற துறைக்குப் பதினைந்து நாள், அங்கிருந்து கடாரத்துக்கு, அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவுக்கு, மேலும் பதினைந்து நாள். குளிர்காலம் முடிகிற வரை கடாரத்தில் தங்கிவிட்டு மேற்கே கப்பலேறினார். முப்பது நாளில் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். அங்கிருந்து இலங்கைக்கு இரண்டு நாள். கடாரத்துக்கும் நாகைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,300 கி.மீ. இருக்கும். நாளொன்றுக்கு எண்பது கி.மீ.கூட வரவில்லை. இராப்பகல் ஓடிய பாய்க்கப்பல் மணிக்கு மூன்று கி.மீ. சொச்சம் நகர்ந்திருக்கிறது, ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக.

குளிர்காலம் முடிகிற வரை காத்திருந்தார் என்ற செய்தியைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. வங்கக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே தள்ளும், வடகிழக்குப் பருவக்காற்று மேற்கே கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரைப் பக்கம் கப்பல் வர முடியாது, புயல் காலம். ஆகவே போனவன் திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும். அந்த வருஷத்தில் பாதிக்கு மேல் அவன் கடலில் இல்லை, கரையில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தான். கடாரத்திலும் சுமத்ராவிலும் தமிழ் வணிகர் குடியிருப்புகள் உருவானதற்கு இந்தக் காத்திருப்பே முக்கியக் காரணம் என்று கொள்ளலாம். சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் ஊருக்கு அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. நான்கு மாதம் தங்க வேண்டிய இடத்தில் ஆட்கள் கிடங்கு கட்டுவார்கள், கோயில் எழுப்புவார்கள், குடும்பமும் வைத்துக்கொள்வார்கள்.

அங்கிருந்தும் இங்கே வந்து கட்டினார்கள். ஸ்ரீவிஜய மன்னன் பெயரால் நாகையில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைத் தானமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள் அதன் சாட்சி. அவன் மகன் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை செலுத்தினான். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள பழையாறையில் சோழர் மாளிகை இருந்த காலம் அது. கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்டசோழபுரம் எழுந்துகொண்டிருந்தது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களைப் பெயர் பெயராக அடுக்குகிறது: கடாரம், இலாமுரிதேசம், மாநக்கவாரம். நக்கவாரம் என்பது நிக்கோபார். இலாமுரி என்பது சுமத்ராவின் வடமுனை, இன்றைய அச்சே. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் குறுகிய வழிக்கோட்டை வரைந்து பார்த்தால் அது நிக்கோபாருக்குத் தெற்கே போய், அச்சேயின் மேலாகக் கடந்து, மலாக்கா நீரிணையின் மேல் இறங்குகிறது. சன்னலோர இருக்கை கிடைத்தவர் பார்க்கிற கரைகள் பலவற்றின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் கல்லில் வெட்டப்பட்டுவிட்டது.

நீராவிக் கப்பல் வந்ததும் காற்றின் அதிகாரம் போயிற்று. ஆட்களின் அதிகாரம் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் நாகைத் துறைமுகத்துக்கு இரண்டு பக்கமும் வேகம் கூடியது. கிழக்கே பிரிட்டிஷ் இந்தியா நேவிகேஷன் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள். மேற்கே ரயில்: நாகையிலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1860-களின் தொடக்கத்திலேயே பாதை போட்டுவிட்டார்கள். தென்னிந்தியாவில் ரயில் பாதை துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குள் நுழைந்த விதத்துக்கு இது நல்ல உதாரணம். கும்பகோணத்துக்கு ரயில் வந்தது அதற்குப் பிறகு, 1870-களின் பிற்பகுதியில். அப்போதிருந்து இந்த ஊர்க்காரருக்குத் தஞ்சாவூர் வழியாகத் திருவாரூர் போய், நாகையில் இறங்கினால் கப்பல். எழுபது கி.மீ. தொலைவுக்குள் கடல்வாசல் இருந்தது. மனிதர்களுக்கு முன்பே செய்தி கடந்துவிட்டது: சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி 1870-71-இல் போடப்பட்டு, சிங்கப்பூர் வரை நீண்டது.

போனவர்களில் இரண்டு வகை உண்டு. நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி, பண்டாரவாடை போன்ற ஊர்களிலிருந்து முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தார்கள். அந்த வீடுகளில் வெளிநாட்டில் இருப்பவரைச் சபுராளி என்பார்கள். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828-30-இல் எழுந்த நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. நாகூர் ஆண்டவரின் பெயரைச் சொல்லிக் கப்பலேறியவர்கள் இறங்கிய கரையிலேயே அதைக் கட்டினார்கள். சம்பாதித்த பணத்தில் ஊரில் எழுப்பிய வீடுகளால் கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பெயர் விழுந்தது.

மற்றவர்கள் வயல்காட்டு ஆட்கள். தஞ்சை ஜில்லாவின் பண்ணைகளில் தலைமுறைக் கடனுக்குக் கட்டுண்டு கிடந்த பண்ணையாட்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். இவர்களை அழைத்துப்போனவர் கங்காணி. தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரே உரிமம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்து உறவுக்காரரையும் தெருக்காரரையும் திரட்டிக் கூட்டிப்போவார். 1907-இல் மலேயாவில் தோட்ட முதலாளிகள் எல்லோரிடமும் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போயிற்று. சென்னைக்கு அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் டிப்போக்கள் இருந்தன. அங்கே பெயர் எழுதி, உடம்பைச் சோதித்து, கப்பல் வரும் வரை தங்கவைத்தார்கள். அந்தப் பக்கம் பினாங்குக்கு அருகே ஜெராஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம். அங்கேயும் நாள் கணக்கில் இருக்க வேண்டும்.

பண்ணையாளுக்கு இந்தப் பயணத்தில் மிக நீளமான பகுதி எது என்று யோசித்தால், வங்கக் கடல் இல்லை. பண்ணையின் களத்துமேட்டிலிருந்து நாகை டிப்போவின் வாசல் வரை உள்ள நாற்பது ஐம்பது கி.மீ. தான். மிராசுதாரின் ஆட்கள் தேடிக்கொண்டு வருவார்களோ என்ற பயத்தோடு கடக்க வேண்டிய தூரம் அது. மலேயாவின் ரப்பர் காட்டில் காத்திருந்தது இன்னொரு விதமான கட்டு என்பது போன பிறகுதான் தெரியும். அப்படியும் போனார்கள் என்றால் இங்கிருந்த வாழ்க்கையின் கொடுமையை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். தஞ்சையின் நெல்வளத்தைப் பாடுகிற எழுத்துகளில் இந்தச் சனங்களுக்கு இடம் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும்.

கப்பல்களில் ஒன்று மட்டும் ஊர்ப் பேச்சில் உயிரோடு இருக்கிறது: ரஜூலா. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். எட்டாயிரம் டன்னுக்கு மேல். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. சென்னையில் கிளம்பி, நாகையில் ஆளேற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். நாகையில் கப்பல் அணையத் துறைமேடை கிடையாது. ஆழமான இடத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கடுவையாற்று முகத்திலிருந்து படகில் ஏறி, அலையில் ஆடிக்கொண்டே போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் படியைப் பிடித்து மேலே போக வேண்டும். தகரப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, சுருட்டிக் கட்டிய பாய் தலையணை எல்லாம் கூடவே ஏறும். டெக்கில் பாய் விரித்த இடம்தான் வீடு. நாகையை விட்டால் பினாங்குக்கு நாலைந்து நாள். வூசிங்கின் முப்பது நாளை நீராவி இவ்வளவுக்குச் சுருக்கியிருந்தது.

ரஜூலாவோடு அதே வருஷத்தில் கட்டி, அதே தடத்தில் ஓடிய இன்னொரு கப்பலின் பெயர் ரோனா. அது ஊருக்குத் திரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரில் படைவீரர் கப்பலாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டுக்கு இரையாயிற்று. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கச் சிப்பாய்கள்.

கும்பகோணத்துக்கு மேற்குத் திசையிலும் ஒரு கடற்பயணக் கணக்கு உண்டு. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பலில் ஏறி ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். இருபத்தெட்டு நாள். உடல்நலம் கெட்டுத் திரும்பியபோது 1919 பிப்ரவரி 27 அன்று நகோயா கப்பலில் கிளம்பி மார்ச் 27 அன்று பம்பாயில் இறங்கினார். அதுவும் இருபத்தெட்டு நாள்தான். இன்று சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானத்தில் பத்துப் பதினொரு மணி நேரம். ஆனால் அன்றைக்குக் கும்பகோணத்து வைதிகக் குடும்பத்துக்கு இங்கிலாந்தின் தூரம் நாள்களால் அளக்கக்கூடியதாக இருக்கவில்லை. கடல் தாண்டினால் சாதிக்கு ஆகாது என்ற கட்டு இருந்தது. மலேயாவுக்குப் போன உழைப்பாளிகளை அந்தக் கட்டு தடுக்கவில்லை. அவர்களைத் தடுக்க வேறு கட்டுகள் இருந்தன.

கும்பகோணத்துக்கு அருகே வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1936 கடைசியில் மலேயாவுக்குப் போனார். தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்துவர இந்திய அரசாங்கம் அனுப்பியது. தன் பக்கத்து ஊர்ச் சனங்களையே அங்கே அவர் கண்டிருப்பார். அவர் அறிக்கையில் போதிய சூடு இல்லை என்று மலேயா இந்தியர்களில் பலர் குறைபட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ரப்பர் விலை சரிந்து கூலியைக் குறைத்தபோது, 1938 ஜூனில், செலவு கொடுத்து ஆளை அனுப்பும் முறைக்கே இந்திய அரசாங்கம் தடை போட்டது. கங்காணிக் காலம் அத்தோடு முடிந்தது.

அடுத்து வந்தது யுத்தம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலேயாவின் கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைக்கப்பட்டன. கப்பல் இல்லை, தபால் இல்லை, மணியார்டர் இல்லை. மூன்றரை ஆண்டுக் காலம் பினாங்கு எத்தனை நாள் தூரம் என்ற கேள்விக்கே பொருளில்லாமல் போயிற்று. சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் இழுத்துப்போன தமிழர்களில் எத்தனையோ பேர் தஞ்சைக்காரர்கள். அவர்கள் செத்த செய்திகூட ஊருக்கு எட்டச் சமாதானம் வர வேண்டியிருந்தது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் வருஷக்கணக்கில் இருந்த காலம் அது.

போருக்குப் பிறகு ரஜூலா திரும்பி வந்தது. ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் என்ற புதுக் கப்பலும் சேர்ந்துகொண்டது. ஆனால் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்துவிட்டன. 1953-இல் மலேயாவின் புதிய குடியேற்றச் சட்டம் அமலுக்கு வந்தபின் நினைத்தவர் நினைத்தபோது போக முடியாது என்றாகிவிட்டது. கப்பலில் புதியவர்கள் குறைந்தார்கள். ஊருக்கு வந்து போகிறவர்கள், பெண் பார்க்க வருகிறவர்கள், வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள் மிஞ்சினார்கள். 1969 மே கலவரத்துக்குப் பின் மலேசியா வேலை அனுமதிச் சட்டத்தைக் கடுமையாக்கியபோது, குடியுரிமை வாங்கத் தவறிய ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் மூட்டை முடிச்சோடு திரும்பினார்கள். ரஜூலா கடைசிக் காலத்தில் அவர்களையும் கொண்டுவந்து இறக்கியது. 1973-இல் அது கைமாறி, அடுத்த வருஷமே உடைக்கப்பட்டது.

அதன் இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய கப்பல். பாஸ்தர் என்ற பழைய பெயரை மாற்றி, கப்பலோட்டிய வ. உ. சி.யின் பெயரை வைத்தார்கள். பொருத்தமான பெயர். ஆனால் பதினொரு ஆண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. 1984 பிப்ரவரி 12 அன்று நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தார்கள். அதன்பின் அந்தத் தடத்தில் பயணிகள் கப்பல் ஓடவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கணக்கை எழுதிவைத்திருக்கும் நாகைத் துறையிலிருந்து கீழ்த்திசைக்கு ஆள் ஏறுவது அத்தோடு நின்றது. இதைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிய துக்கம் எதுவும் எழவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது.

டெல்டாவின் வாசல் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறியது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை. முதல் அடையாளம் ரயிலில் தெரிந்தது. நாகையில் இருந்த ரயில்வே பட்டறையை 1920-களின் கடைசியில் திருச்சிப் பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களும் கூடவே போயின. அடுத்த பத்தாண்டில் விமானம் வந்தது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் கொண்டுவந்த டாட்டா விமான சர்வீஸ், 1930-களின் பிற்பகுதியில் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீண்டது. கும்பகோணத்தில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறி இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அதே கொழும்பு திருச்சியிலிருந்து ஆகாயத்தில் நானூற்றுச் சொச்சம் கி.மீ. தான் என்பது புதுச் செய்தியாக இருந்திருக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தபின் அந்த ரயில்-கப்பல் வழியும் போயிற்று. அதன்பின் நெடுங்காலம் திருச்சியின் வெளிநாட்டு விமானம் என்றால் கொழும்பு விமானம்தான்.

அப்போதெல்லாம் சிங்கப்பூர் போக வேண்டுமானால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். கும்பகோணத்திலிருந்து முந்நூறு கி.மீ.க்கு மேல் மீட்டர்கேஜில் இரவு முழுக்க வடக்கே போய், மீனம்பாக்கத்தில் விமானம் பிடித்து, மறுபடி தென்கிழக்கே பறக்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,925 கி.மீ. திருச்சியிலிருந்து போவதைவிட ஐம்பத்தைந்து கி.மீ. தான் குறைவு. அதற்காக ஒரு ராத்திரியும் ஒரு பகலும் செலவழிந்தது, லாட்ஜ் வாடகையும் போயிற்று. 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து மலிவுக் கட்டண விமானம் திருச்சிக்கு வரத் தொடங்கியபோது டெல்டா மாவட்டங்கள் அதைப் பிடித்துக்கொண்ட வேகத்துக்குக் காரணம் இதுதான். சிங்கப்பூர் விமானங்கள் கூடின. 2012-இல் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதி வந்தது. உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகமாக இருக்கும் விமான நிலையம் என்று திருச்சி பல வருஷம் பேர் வாங்கியது. 2024 ஜூனில் புது முனையம் இயங்கத் தொடங்கியது.

வந்து இறங்குகிற கூட்டத்தில் குருவிகளும் உண்டு. மற்றவர் சரக்கைக் கூலிக்குச் சுமந்து, காலையில் போய் மறுநாள் திரும்புகிறவர்கள். போகும்போது வெற்றிலை, கறிவேப்பிலை, துணி. வரும்போது எலெக்ட்ரானிக் சாமான், மது, சில சமயம் சட்டத்துக்கு ஆகாத தங்கம். நாகைத் துறையில் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே அலைந்தவர்களின் தொழில் இப்போது இருபது, முப்பது கிலோ பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

டிக்கெட்டில் நேரத்தைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இன்றும் உண்டு. திருச்சியில் இரவு ஒன்றரைக்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை எட்டுக்கு மேல்தான் இறங்குவதாகப் போட்டிருக்கும். ஆறே முக்கால் மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது மாலை ஏழுக்குக் கிளம்பி எட்டே முக்காலுக்கெல்லாம் திருச்சி வந்துவிட்டதாக இருக்கும். சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சிதம்பரம் கப்பலில் 1981 வரை போனவர்களுக்கு அந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் பகுதிகளின் நேரத்தோடு ஒத்துப்போக அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது.

காற்றின் அதிகாரம் முழுக்கவும் போய்விடவில்லை. தென்மேற்குப் பருவத்தில் கடல் மட்டத்தில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. பாய்மரக் கப்பலைக் கடாரத்துக்குத் தள்ளிய காற்று அதுவே. அதே மாதங்களில் பன்னிரண்டு, பதினான்கு கி.மீ. உயரத்துக்கு மேல், தீபகற்ப இந்தியாவின் வானத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. கீழைத் தாரைக் காற்று என்று சொல்லலாம். இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதை விரிவாக எழுதினார். ஆகவே ஆடி, ஆவணியில் சிங்கப்பூர் போகும் விமானம் மேலே எதிர்க்காற்றைச் சந்திக்கிறது. திரும்பும் விமானத்துக்குக் காற்று துணை. பாய்க்கப்பல் மாலுமி கீழே கண்ட திசைக்கு நேர் எதிர்த் திசை.

தூரம் என்பது விமானிக்கு எரிபொருள் எடை. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு வந்தது. உடனே இறங்க முடியவில்லை. நீண்ட பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் எடை தாங்காது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் மாவட்டத்தின் தலைக்கு மேலேயே சுற்றி எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, இரவு பத்திரமாக இறங்கியது. கீழே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த டெல்டாக் குடும்பங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

திருச்சி ஓடுபாதை ஏறத்தாழ 2,480 மீட்டர். பெரிய அகலமான விமானங்கள் முழுப் பாரத்தோடு எழும்ப இது போதாது. நீட்டுவதற்கு நிலம் எடுக்கும் வேலை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. கும்பகோணத்துக்கு இன்னும் பக்கத்தில், நாற்பது கி.மீ. தூரத்தில், தஞ்சாவூரில் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று உண்டு. 2013-இல் அது விமானப்படைத் தளமாயிற்று. 2020-லிருந்து சுகோய் போர் விமானங்கள் அங்கே நிற்கின்றன. பயணிகள் விமானத்துக்கு இடம் கேட்டு டெல்டா மக்கள் மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அதுவரை கணக்கு இப்படித்தான். கும்பகோணம் வீட்டு வாசலிலிருந்து சிங்கப்பூர் வீட்டு வாசலுக்குப் பத்துப் பதினொரு மணி நேரம். அதில் 2,980 கி.மீ.க்கு நாலு மணி நேரம். மீதி எல்லாம் தொண்ணூற்றைந்து கி.மீ. சாலைக்கும், செக்-இன் வரிசைக்கும், குடிவரவு முத்திரைக்கும். நாகையிலிருந்து மறுபடி பயணிகள் கப்பல் போகத் தொடங்கியிருக்கிறது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்கு முதல் கப்பல் கிளம்பி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. தூரம் 110 கி.மீ. பிடிக்கும் நேரம் ஏறத்தாழ நாலு மணி.